துளிர் பார்த்த பிறகு

ஜூலை 8, செவ்வாய்

இன்றிலிருந்து வசூலுக்கு நான் போகிறேன். இத்தனை வருஷமும் மரங்களும் மனிதர்களும் என் வீட்டுக்காரர் பாடு, வங்கியும் வரியும் என் பாடு என்று இருந்தது. நான் பி.காம். படித்தவள். அவர் கோயம்புத்தூரில் பாதி மரங்களின் மேல் ஏறி உட்கார்ந்தவர். தோட்டத்து மரங்களுக்குக் கிளை கழித்துக் கவாத்து செய்வது, மின்கம்பியில் உரசும் கிளைகளை எடுப்பது, வீடு கட்டுகிறவர்கள் வேண்டாம் என்கிற மரத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டுக் கொடுப்பது, இதுதான் தொழில். மூன்று ஆட்கள், அறுக்கிற மெஷின் இரண்டு, ஒரு குட்டியானை லோடு வண்டி.

முன்பணம் ஆட்கூலிக்கும் டீசலுக்கும் சரியாகப் போய்விடும். மீதியை வேலை முடிந்த அன்று அவர் வாங்க மாட்டார். வெட்டின கையோடு காசு வாங்குவது அவருக்கு ஒவ்வாது. "துளிர் வரட்டுங்க, பாத்துட்டு வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஒன்றிரண்டு மாதம் கழித்துப் போய், மரத்தைச் சுற்றி வந்து, துளிரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். யாரிடம் எவ்வளவு என்பதெல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். ஒரு ரூபாய் தப்பினதில்லை.

இந்த வருஷம் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. மெஷின் கடனுக்கு இரண்டு தவணை கட்டவில்லை என்று வங்கியிலிருந்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவரிடம் கேட்டேன். "குடுப்பாங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுச் செம்பருத்திக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். ஆகவே நான்.

முதல் வீடு வடவள்ளியில். அந்த ஆள் போனிலேயே, "இன்னும் துளிர்க்கலீங்களே" என்றிருந்தார். எங்கள் ஆட்களில் ஒருவன் மௌனசாமி, அவனைக் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். புங்கமரம் வாசலையே மறைத்துக்கொண்டு நின்றது. அதன் நிழலில் அவருடைய கார்.

"இது என்னங்க?"

"அட, இது நேத்துத்தானுங்க வந்துச்சு."

மௌனசாமிக்குப் பேரில்தான் மௌனம். "ஏனுங்க, ஒரே ராத்திரியில இத்தனையா? உங்க போர் தண்ணியில ஒரு கொடம் குடுங்க. எங்கக்கா தலைக்கு ஊத்திப் பாக்கறோம், முடி ரொம்பக் கொட்டுது."

பணத்தை எண்ணிக் கொடுத்தார். சிரித்துக்கொண்டே வந்தோம்.

ஜூலை 11, வெள்ளி

சாய்பாபா காலனியில் ரெபேக்கா டீச்சர். ஓய்வுபெற்றுத் தனியாக இருக்கிறார். ஏப்ரலில் அவர் வீட்டு மாமரத்துக்குக் கவாத்து செய்தோம். மீதி பன்னிரண்டாயிரம்.

"நான் குடுத்துட்டேனே சாரதா. உன் வீட்டுக்காரர் போன மாசம் வந்தாரே. துளிரைத் தொட்டுத் தொட்டுப் பாத்தார், காபி குடிச்சார். மழை தூறுதுன்னு நான்தான் பணத்தை ரஸ்க் கவர்ல சுத்திக் குடுத்தேன்."

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். "இல்லையே. டீச்சர் வீட்டுப் பக்கம் போயே ரொம்ப நாளாச்சு" என்றார். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

ஜூலை 12, சனி

ரஸ்க் கவராம்.

ஜூலை 16, புதன்

மறுபடி டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் அதையே சொன்னார், அதே மெதுவான குரலில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு, "பொய் சொல்லக் கூடாதுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்கதானே நீங்க? வெயில்ல மரம் ஏறிச் சம்பாதிக்கற காசுங்க இது" என்றேன். எதிர்வீட்டு ஆள் பல் விளக்கிக்கொண்டே வந்து நின்று பார்த்தார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். டீச்சர், "உள்ள வந்து பேசு சாரதா" என்றார். நான் போகவில்லை.

அவர் பொய் சொல்லமாட்டார். இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியும். என் கணவரைச் சொல்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

காஸ் சிலிண்டர் வந்தது. மெஷினுக்கு எண்ணெய் வாங்க வேண்டும்.

சிங்காநல்லூரில் ஒரு தகராறு. பலாவைத் தொடக் கூடாது, வேம்பை மட்டும் வெட்டி இறக்குங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தாராம். இவர் ஆட்களைப் பலாவில் ஏற்றிவிட்டார். பிஞ்சோடு இருந்த கிளைகள். மௌனசாமி மேலேயிருந்து, "அண்ணா, பலாவா வேம்பா, இன்னொருக்காக் கேட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டிருக்கிறான். "எனக்கே சொல்லித் தர்றயாடா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் முன்பணத்தையும் திருப்பிக் கேட்கிறார். நியாயம்தான்.

சாயங்காலம் மௌனசாமி வந்து இதைச் சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போனான்.

வெயில் அப்படி அடிக்கிறது. ஓய்வில்லை. ஐம்பத்து மூன்று வயது. யாருக்குமே இப்படித்தான் ஆகும்.

ஆகஸ்ட் 2, சனி

காலையிலிருந்து தூறல். மழைக்கோட்டு நாற்றம் அடிக்கிறதே, அலசிப் போடலாம் என்று எடுத்தேன். உள்பையில் ரஸ்க் கவர். மடித்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பன்னிரண்டாயிரம். நோட்டுகளின் மேல் ரஸ்க் தூள் ஒட்டியிருந்தது.

பக்கத்து அறையில் அவர் கயிற்றில் முடிச்சு சரிபார்த்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைத் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கோட்டை அலசிக் கொடியில் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கலந்த சாதம் செய்தேன். தேங்காய்ச் சாதத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "உன் கையாட்டம் வராது அம்மிணி" என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

டீச்சர் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். அங்கே போனதும் அழுகைதான் வந்தது. கவரைக் காட்டினேன். அவர் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"என்னங்க எத்தனை நாளா?"

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி, காபியைக் குடி" என்றார்.

கிளம்பும்போது, "ஒண்ணு கேக்கறேன், செய்வியா?" என்றார். "முப்பது வருஷம் இந்தத் தெருவுல இருக்கேன். நீ அன்னைக்குக் கத்தினதுக்கப்புறம் எதிர்வீட்டுக்காரர் வணக்கம் சொல்றதை நிறுத்திட்டார். மாடியில இருக்கற பொண்ணு பாதியைக் கேட்டுட்டு மீதியை அவளே சேத்துச் சொல்லிட்டிருக்கா. வாசல்ல நின்னு சொன்னதை வாசல்லயே நின்னு மாத்திச் சொல்லிட்டுப் போ."

கேட்டது சரி. வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "டீச்சர் பணத்தை எப்பவோ குடுத்துட்டாங்க. எங்க வீட்டுக்காரர் வாங்கி வெச்சுட்டு எங்கிட்டச் சொல்லலை. அவருக்கே ஞாபகமில்லை. தப்பு எங்களுதுங்க" என்றேன். மாடிப்பெண் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நன்றாகக் கேட்டாள்.

டீச்சர் பேரைக் காப்பாற்றிவிட்டேன். வண்டியைக் கிளப்பும்போதுதான் யாருடைய பேரை அங்கே போட்டுவிட்டு வருகிறேன் என்று உறைத்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இந்த வாரம் மூன்று பேர். மூன்று பேரும் ஒரே மாதிரி.

"சார் கையில குடுத்துட்டனுங்களே!"

முதல் ஆள் டீச்சரின் எதிர்வீட்டுக்காரருக்கு மச்சினன். இரண்டாவது ஆள் அந்தப் பக்கமே பழக்கமில்லாதவர். மூன்றாவது, கறிவேப்பிலை விற்கிற அம்மாவின் மகன். முருங்கையை அவருக்குப் பாதிக் கூலிக்குத்தான் வெட்டிக் கொடுத்தோம்.

வீட்டுக்கு வந்து தேடினேன். மழைக்கோட்டு, கயிற்றுப் பை, ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீழே. வெட்டின இடத்தில் தடவுகிற பசை டப்பாக்களைத் திறந்தால், காலி டப்பா ஒன்றில் நாலாயிரம் இருந்தது. அது கறிவேப்பிலைக்காரம்மா மகன் சொன்ன தொகை. மற்ற இரண்டும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் அவர்கள் பொய்யர்களா? இன்னும் நான் தேடாத இடம் எங்கே இருக்கிறது?

இனி யாரையும் நிமிர்ந்து கேட்க முடியாது. டீச்சர் வாசலில் நான் சொன்னது பரவிவிட்டது, தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

"என்னத்தைத் தேடற?" என்று கேட்டார்.

"தோடு திருகாணிங்க."

அவரும் குனிந்து கட்டிலுக்கடியில் தேட ஆரம்பித்துவிட்டார். ரொம்ப நேரம் தேடினார்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. எருக்கம்பூ வாங்கி வருகிறேன் என்று ஸ்கூட்டரில் போனவர் மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பூ இருந்தது. ஸ்கூட்டர் எங்கே என்றேன். "எந்த ஸ்கூட்டர்?" என்றார். பிறகு அவர் முகம் மாறியது. பார்க்க முடியவில்லை. நான் உள்ளே போய்க் கொழுக்கட்டையை இறக்கினேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பூ மார்க்கெட் பக்கத்தில் ஒரு சந்தில் ஸ்கூட்டரைக் கண்டுபிடித்து மௌனசாமி ஓட்டி வந்தான். சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ரிப்பேர் என்று அவரிடம் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் ஒரு பெயர் சொன்னார். இங்கே எழுத வேண்டாம்.

செப்டம்பர் 22, திங்கள்

கொலுவுக்கு வரச்சொல்லி இரண்டு வீட்டில் கூப்பிட்டார்கள். போகவில்லை.

மௌனசாமி வந்து வாசற்படியில் நின்றான். சூலூரில் ஒரு கம்பெனி மாதச் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறதாம். "போகலீங்க அக்கா. அண்ணன் இப்படி இருக்கையில எப்படிப் போவேன்? ஆனா மத்த ரெண்டு பேருக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க. தீபாவளிக்குப் பழைய கூலியும் போனஸும் வந்துச்சுன்னா நிப்பாங்க. இல்லாட்டி நான் பேசிப் பிரயோசனமில்லை" என்றான். அவன் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பெரிய தொகை ஒன்றுதான் இருக்கிறது. அவிநாசி ரோட்டுக்கு உள்ளே புது மண்டபம் கட்டியிருக்கும் தெய்வசிகாமணி. மார்ச்சில் அவர் இடத்திலிருந்த அரசமரத்தையும் நாவலையும் பெயர்த்துப் பின்பக்கம் நட்டோம். கிரேன் வாடகை நாங்கள் போட்டது. வரவேண்டியது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அது வந்தால் ஆட்கள் நிற்பார்கள். ஆட்கள் நின்றால் தொழில் நடக்கும். தொழில் நடந்தால் காலையில் அவருக்கு எழுந்து போக ஓர் இடம் இருக்கும்.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

அக்டோபர் 11, சனி

போன வாரம் முழுக்கத் தெய்வசிகாமணி போனை எடுக்கவில்லை. இன்று நேரில் போவதென்று கிளம்பினேன். என் வீட்டுக்காரர் தானாகவே சட்டை மாற்றி வாசலில் நின்றார்.

"நான் வந்தா குடுத்துருவாரு அம்மிணி. மூஞ்சியப் பாத்தா இல்லைன்னு சொல்ல வாய் வராது."

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். அவர் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ரிப்பேர் எப்போது முடிந்தது என்று கேட்கவில்லை.

மண்டப ஆபீஸில் தெய்வசிகாமணியோடு மேனேஜரும், தேதி பார்க்க வந்திருந்த ஒரு கல்யாண வீட்டாரும் இருந்தார்கள். "வாங்க சார், வாங்க வாங்க" என்று எழுந்து நின்றே வரவேற்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். தெய்வசிகாமணி ஆச்சரியப்பட்டார். நன்றாகவே ஆச்சரியப்பட்டார்.

"ஏனுங்க அம்மா, உங்களுக்குத் தெரியாதுங்களா? சார் கையிலயே குடுத்துட்டனே! போன மாசக் கடைசியில. தனியாத்தான் வந்தாரு, இதே ஸ்கூட்டர்ல. மரத்தைப் பாத்தாரு, வாங்கிட்டுப் போனாரு." மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் தலையாட்டினான். பிறகு இவர் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, "நீங்களே சொல்லுங்க சார். குடுத்தனா இல்லையா?" என்றார்.

போன மாதக் கடைசியில் ஸ்கூட்டர் சாவி என் புடவை மடிப்புகளுக்கு நடுவில் பீரோவில் இருந்தது. பிள்ளையார் சதுர்த்திக்குப் பிறகு அவர் தனியாகத் தெருமுனைகூடத் தாண்டினதில்லை.

அவர் தெய்வசிகாமணியைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க. குடுத்தீங்க" என்றார்.

எனக்கு வாயில் வாக்கியம் தயாராக இருந்தது. 'அவர் ஸ்கூட்டர் ஓட்டி ஒன்றரை மாசமாகுதுங்க. ஏன்னு கேளுங்க, சொல்றேன். ஸ்கேன் இருக்கு, டாக்டர் சீட்டு இருக்கு.' அதைச் சொன்னால் அந்த ஆள் பதில் சொல்ல முடியாது. கல்யாண வீட்டார் முன்னால் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தையும் எடுத்து வைத்திருப்பார். ஆனால் இவர் கேட்டுக்கொண்டு நின்றிருப்பார். காலர் பொத்தானைக்கூடச் சரியாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"சரிங்க. எங்க பக்கம்தான் தப்பு" என்றேன்.

"பரவால்லீங்க, இதிலென்ன இருக்கு. காபி சாப்ட்டுட்டுப் போங்க" என்றார் தெய்வசிகாமணி. நான் வேண்டாம் என்றேன். இவர் நன்றி சொல்லி வாங்கிக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, "காபி நல்லா இருந்துச்சுங்க" என்றார்.

வெளியே வந்ததும் ஸ்கூட்டரிடம் வராமல் பின்பக்கம் போனார். அரசமரம் நன்றாகப் பிடித்துவிட்டது. கண்ணாடி மாதிரி இலைகள். ஒரு கிளையை இழுத்து நுனியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அந்தாளு குடுத்தாரா?" என்று கேட்டார்.

"நீங்கதானுங்க குடுத்தார்னு சொன்னீங்க."

"தெரியல அம்மிணி. ரோசனை பண்ணிப் பண்ணிப் பாத்தேன், ஒண்ணுமே வரல. இல்லைன்னு சொல்லி, அவரு குடுத்திருந்தாருன்னா? டீச்சரை வாசல்ல நிக்க வெச்சமே, அந்தக் கதையாயிரும்."

"டீச்சர் விசயம் உங்களுக்கு யார் சொன்னா?"

"மௌனம்தான். அவன் வாயில என்னைக்கு என்ன நின்னுச்சு?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. என்னை அந்தச் சிரிப்பு வேறு எங்கோ கொண்டுபோய்விட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் கிளையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். ரோட்டில், வெளியிடத்தில், கல்யாணமான நாளிலிருந்து ஒருநாளும் பிடித்ததில்லை.

"இனிமே எங்கையில காசு குடுக்க வேண்டாம்னு எல்லார்த்துக்கும் சொல்லீரு."

"எப்படீங்க சொல்றது? ஏன்னு கேப்பாங்களே."

"இருக்கறதைச் சொல்லு. நாளைக்கே சொல்லீரு. இப்ப நான் சொன்னதை மறந்துட்டு, ஏன்டி சொன்னேன்னு உன்னைத் திட்டுனாலும் திட்டுவேன். அதைக் காதுல போட்டுக்காத."

அக்டோபர் 12, ஞாயிறு

வளையல்களை நாளை வங்கியில் வைக்கிறேன். ஆட்களுக்குப் பழைய கூலியும் போனஸும் அதில் வரும் என்று மௌனசாமியிடம் சொல்லிவிட்டேன். "அக்கா" என்று மட்டும் சொன்னான்.

இட்லி ஆனதும் போனை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். நேற்றுச் சொன்னது நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. பழைய வாடிக்கைக்காரர்களின் எண் எதுவும் என் போனில் கிடையாது, இதுவரை அவர் போனிலிருந்துதான் கூப்பிட்டிருந்தேன். அதை எடுக்க எழுந்தேன்.

"அது எதுக்கு? நான் சொல்றேன், அடி" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நிறுத்தி நிறுத்தி, நான் அழுத்துவதற்கு இடம் விட்டு. வடவள்ளிப் புங்கமரத்துக்காரர் எடுத்தார்.

"இனிமே சார் கையில பணம் குடுக்க வேண்டாங்க. எதுவா இருந்தாலும் எங்கிட்டயே குடுங்க."

"ஏனுங்க, சாருக்கு என்னங்க?"

நான் அவரைப் பார்த்தேன். சொல் என்பதுபோலத் தலையை அசைத்தார்.

"அவருக்கு மறந்து மறந்து போகுதுங்க."

அந்த மனிதர், துளிர்க்கவே இல்லை என்று சாதித்தவர், "சரிங்க அக்கா" என்றார். அக்கா என்று அவர் இதற்கு முன்னால் சொன்னதில்லை.

நான் போனை வைப்பதற்குள் அவர் அடுத்த எண்ணைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். "இது துடியலூர் வாத்தியார் வூடு. தென்னை மூணு, மாதுளை ஒண்ணு." அதற்கடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொரு வீட்டிலும் நான் அதே வரியைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், கேட்டு முடித்ததும் அடுத்ததைச் சொன்னார்.

சாயங்காலம் வரை பேசினேன். ஒரு எண்கூடத் தப்பவில்லை.